பின் ஷாக் உடைந்தது; கம்பெனி கை விரித்தது!

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் ஒருவரிடம், "உங்கள் வண்டி எத்தனை சி.சி.?" என்று கேளுங்கள். உடனே சொல்வார். "லிட்டருக்கு எத்தனை கிலோ மீட்டர் ஓடும்?" என்று கேளுங்கள். அதையும் சொல்வார்.

"பின் ஷாக் அப்சார்பரை எப்போது குனிந்து பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். விழிப்பார்!

அந்தப் பாகம் ஒழுங்காக இருக்கும் வரை அதை யாரும் நினைப்பது இல்லை. கெட்டுப் போனால்தான் அதன் அருமை தெரியும். மனைவியும் குழந்தையும் பின்னால் உட்கார்ந்து இருக்கிறார்கள். வண்டி பள்ளத்தில் இறங்குகிறது. அந்த அடியை வாங்கிக்கொள்வது பின் ஷாக்தான். அது வேலை செய்யாவிட்டால் அடி நேராக முதுகெலும்புக்குப் போகும். திடீரென்று உடைந்தால் வண்டியே கவிழவும் கூடும்.

ஷாக் உடைந்த பிறகு இன்னோர் அடியும் விழுவது உண்டு. அது சர்வீஸ் சென்டரில் விழும் அடி. "இது வாரண்டியில் வராது" என்ற மூன்று சொற்கள்தான் அந்த அடி!

அவர்கள் வராது என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதானா? மேலே வழி இல்லையா?

வழி உண்டு. ஆனால், அந்த வழியில் போகிறவர் கையில் இரண்டு பொருள்கள் இருக்க வேண்டும். ஒன்று, உடைந்த பாகம். மற்றொன்று, மறுப்பை எழுதிய காகிதம். இந்த இரண்டும் இருந்தால் வழக்கு நிற்கும். இரண்டும் இல்லாவிட்டால் வழக்கு ஆடிப்போகும்.

"வராதுண்ணே!"

இப்படி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வயது 35. ஓட்டல் சாப்பாட்டை வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுப்பது அவர் தொழில். தவணைக் கடனில் மோட்டார் சைக்கிள் வாங்கினார். வாங்கி 14 மாதம் ஆகிறது. 5 ஆண்டு வாரண்டி என்று சொல்லித்தான் வண்டியை விற்றார்கள்.

ஒரு நாள் பின் சக்கரத்தின் பக்கம் எண்ணெய் கசிகிறது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் "டங், டங்" என்று சத்தம் கேட்கிறது. சர்வீஸ் சென்டருக்குப் போகிறார். அங்கே நடக்கும் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அண்ணே, பின் ஷாக் லீக் ஆகுது. ரெண்டையும் மாத்தணும்."

"மாத்துங்க தம்பி. வாரண்டி இருக்கே!"

"இது வாரண்டியில வராதுண்ணே. ஆயில் சீல் தேயற சாமான்."

"பதினாலு மாசத்துலயா தேயும்?"

"நீங்க வெயிட் ஏத்தி ஓட்டியிருப்பீங்க."

"முதல்ல தேய்மானம்னீங்க. இப்போ வெயிட்டுங்கறீங்க. ரெண்டுல எது?"

"கம்பெனி ரூல் அப்படிண்ணே. நாங்க என்ன பண்றது?"

அவருக்கு அன்றைய பிழைப்பு ஓட வேண்டும். கைப் பணத்தைக் கொடுத்துப் புது ஷாக் மாட்டிக்கொண்டு போய்விடுகிறார்.

பழைய ஷாக் எங்கே? பட்டறையின் பழைய இரும்புக் குவியலில் கிடக்கிறது! வாரண்டியை மறுத்ததற்கு அத்தாட்சி எங்கே? அது காற்றோடு போய்விட்டது!

அந்த நிமிஷத்தில் அவருடைய வழக்கில் முக்கால் பங்கு போய்விட்டது. இது ஏன் என்று தெரிய வேண்டுமானால், ஷாக் என்பது என்ன, அது எப்படிக் கெடுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்பிரிங் இல்லாத காலம்

ஆரம்ப காலத்து மோட்டார் சைக்கிள்களில் பின் சக்கரத்துக்கு ஸ்பிரிங் கிடையாது. சக்கரம் சட்டத்தோடு இறுக்கமாகப் பூட்டப்பட்டு இருக்கும். ஆசனத்துக்கு அடியில் மட்டும் இரண்டு சுருள் ஸ்பிரிங் இருக்கும். பழைய சைக்கிளில் பார்த்திருப்பீர்களே, அதே போலத்தான்.

பின் சக்கரம் தனியாக ஏறி இறங்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே சிலர் யோசித்தார்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த பிலிப் வின்சென்ட் 1928-ல் அப்படிப்பட்ட ஓர் அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால், மற்றக் கம்பெனிகள் உடனே அந்த வழிக்கு வரவில்லை.

நமக்கு மிகவும் தெரிந்த புல்லட்டுக்கும் இதில் பங்கு உண்டு. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு, 1949-ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த ராயல் என்பீல்டு புல்லட்டில், பின் சக்கரத்தைத் தாங்கும் கை மேலும் கீழும் ஆடும். அதன் இரு பக்கமும் எண்ணெய் நிரப்பிய ஷாக் நிற்கும். அந்த நாளில் அது பெரிய புதுமை! 1955-ல் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி ஏற்பட்டது. திருவொற்றியூரில் புல்லட் உருவானது. "புல்லட்டில் போனால் இடுப்பு வலிக்காது" என்ற பெயருக்கு அந்த ஷாக்கும் ஒரு காரணம்.

அடுத்த மாற்றம் 1973-ல் வந்தது. பெல்ஜியம் நாட்டு நிபுணர் லூசியன் டில்கென்ஸ் கண்டுபிடித்த முறையை யமஹா கம்பெனி தன் பந்தய வண்டிகளில் பொருத்தியது. இரண்டு ஷாக்குக்குப் பதிலாக ஒரே ஷாக்! இதைத்தான் "மோனோ ஷாக்" என்று சொல்கிறோம். இன்று நம் ஊர்த் தெருவில் ஓடும் வண்டிகளில் இரண்டு வகையும் உண்டு.

ஸ்பிரிங்கும் எண்ணெயும்

ஷாக்குக்கு உள்ளே இரண்டு வேலைக்காரர்கள் இருக்கிறார்கள்.

ஒருவர் ஸ்பிரிங். பள்ளம் வந்தால் அமுங்கி அடியை வாங்கிக்கொள்வார். ஆனால், வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுப்பார். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி பந்து போலத் துள்ளிக்கொண்டே போகும்.

அந்தத் துள்ளலை அடக்குபவர்தான் எண்ணெய். ஒரு குழாய்க்குள் எண்ணெய் இருக்கிறது. அதற்குள் ஒரு பிஸ்டன் போய் வருகிறது. பிஸ்டனில் சிறு துளைகள் உண்டு. அந்தத் துளைகள் வழியாக எண்ணெய் நெருக்கிக்கொண்டு பாய வேண்டும். அதனால் வேகம் குறைகிறது. அடியின் வேகம் சூடாக மாறி வெளியே போய்விடுகிறது. மோசமான ரோட்டில் வெகு தூரம் ஓட்டிய பிறகு ஷாக்கைத் தொட்டால் சுடுவது இதனால்தான். எண்ணெய் நுரைத்துப் போகாமல் இருக்கப் பல ஷாக்குகளில் நைட்ரஜன் வாயுவும் அடைக்கிறார்கள்.

பிஸ்டனைப் பிடித்திருக்கும் கம்பிக்கு குரோமியம் பூச்சு உண்டு. கம்பி வெளியே வரும் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அதுதான் ஆயில் சீல். அந்தச் சிறு வளையம் கிழிந்தால் எண்ணெய் வெளியே வந்துவிடும். பிறகு மிஞ்சுவது வெறும் ஸ்பிரிங்தான்!

மோனோ ஷாக்கில் இன்னொரு கணக்கும் உண்டு. சக்கரம் 10 செண்டி மீட்டர் மேலே ஏறும்போது ஷாக் 4 செண்டி மீட்டர்தான் அமுங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெம்புகோல் கணக்குப்படி, சக்கரத்தில் விழும் பளுவைப் போல் இரண்டரை மடங்கு பளு ஷாக்கின் மேல் விழும். ஆகவே அதைத் தாங்கும் போல்ட்டு, கண், புஷ் எல்லாம் உறுதியாக இருக்க வேண்டும்.

கெட்டதற்கு அடையாளம்

கெட்டுப் போன ஷாக் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடும். நாம்தான் காது கொடுப்பது இல்லை.

வண்டியை நிமிர்த்திப் பிடித்து, ஆசனத்தின் பின்பக்கத்தைப் பலமாக அமுக்கி விடுங்கள். ஒரு முறை எழும்பி அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை குதித்தால் எண்ணெய் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

ஷாக் கம்பியில் எண்ணெய் வழிந்து தூசி அப்பி இருக்கிறதா? துணியால் துடைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். மறுபடியும் வழிந்தால் சீல் போய்விட்டது. அந்த எண்ணெய் பிரேக்கின் மேலோ டயரின் மேலோ பட்டால் ஆபத்து.

வளைவில் பின்பக்கம் ஆட்டம் காண்கிறதா? பின் டயர் ஒரே சீராகத் தேயாமல் மேடு பள்ளமாகத் தேய்ந்திருக்கிறதா? சிறு குழிக்கும் "டங்" என்ற சத்தம் வருகிறதா? இவையும் ஷாக்கைச் சோதிக்க வேண்டிய அடையாளங்கள். ஆடும் கையின் புஷ் தேய்ந்திருந்தாலும் இதே குறை தோன்றும். ஆகவே இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உடைந்த முகம் பேசும்!

ஷாக் கெடுவதற்குக் காரணம் பல உண்டு. சில காரணம் வண்டி ஓட்டுபவருடையது. சில காரணம் செய்தவருடையது. எது யாருடையது என்பதை உடைந்த பாகமே சொல்லிவிடும்!

கம்பி வளைந்திருந்தால், வெளியே இருந்து பலத்த அடி பட்டிருக்கலாம். குரோமியம் பூச்சில் துருப் புள்ளிகள் இருந்து, அவை சீலைக் கிழித்திருந்தால், தண்ணீரும் சேறும் காரணமாக இருக்கலாம். பூச்சே சரியாக இல்லாமல் உரிந்திருந்தால், அது செய்தவர் பதில் சொல்ல வேண்டிய விஷயம்.

இரும்பு முறிந்த இடத்தைப் பாருங்கள். ஒரே அடியில் முறிந்த இரும்பின் முகம் பெரும்பாலும் முழுவதும் சொரசொரப்பாக இருக்கும். நாளடைவில் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டு முறிந்த இரும்பு வேறு மாதிரி இருக்கும். அதில் ஒரு பகுதி வழவழப்பாக இருக்கும். கிளிஞ்சலின் மேல் உள்ள வரிகளைப் போல வளைந்த கோடுகள் தெரியும். கடைசியாக முறிந்த சிறு பகுதி மட்டும் சொரசொரப்பாக இருக்கும். இதை உலோகச் சோர்வு என்பார்கள். விரிசல் எங்கே தொடங்கியது என்பதையும் நிபுணர் கண்டுபிடித்துவிடுவார். பற்றவைப்பில் குறை இருந்ததா, வார்ப்பில் காற்றுக் குமிழி இருந்ததா என்பதும் தெரிந்துவிடும்.

அதனால்தான் உடைந்த பாகத்தைத் தூக்கி எறியக் கூடாது. முறிந்த இரண்டு முகங்களையும் ஒன்றோடு ஒன்று வைத்து உரசிப் பார்க்கக் கூடாது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. எண்ணெயோடு அப்படியே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, தேதி எழுதி வைக்க வேண்டும்.

செய்தவரின் குறையால் ஷாக் உடைவது உண்டா? உண்டு. பெரிய கம்பெனிகளே ஒப்புக்கொண்டு வண்டிகளைத் திரும்ப அழைத்திருக்கின்றன. அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் கம்பெனி 2025-ல் 80,000-க்கும் மேற்பட்ட சாப்ட்டெயில் மோட்டார் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. காரணம், பின் ஷாக்கைச் சேர்ந்த ஒரு போல்ட்டு! அது முறிந்தால் பின் டயரில் பட்டு டயரைச் சேதப்படுத்தக் கூடும் என்று கண்டார்கள்.

நம் நாட்டிலும் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் திருத்தம் செய்தார்கள். குறை உள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவு போட மத்திய அரசுக்கு அதில் அதிகாரம் உண்டு. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தன. ஆகவே உங்கள் வண்டி ரகத்துக்கு அப்படி அழைப்பு வந்திருக்கிறதா என்று டீலரிடம் முதலில் கேளுங்கள். வந்திருந்தால் வாதமே வேண்டாம். இலவசமாக மாற்றித் தருவார்கள்.

அவர்கள் சொல்லும் காரணங்கள்

வாரண்டியை மறுப்பவர் சொல்லும் எல்லாக் காரணமும் பொய் அல்ல. நியாயமானதும் உண்டு, சாக்குப் போக்கும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

"தேய்மானச் சாமான்": பிரேக் கட்டை, கிளச் தட்டு, கேபிள், பல்பு முதலியவற்றுக்கு வாரண்டி இல்லை என்று பல கையேடுகளில் எழுதி இருக்கும். சிலவற்றில் ரப்பர் சாமான்களும் ஆயில் சீலும் அந்தப் பட்டியலில் இருக்கும். உங்கள் கையேட்டை எடுத்துப் படியுங்கள். பட்டியலில் ஆயில் சீல் இருக்கிறதா, ஷாக் முழுவதும் இருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்தது சீல் என்றாலும், அதைக் கிழித்தது எது என்று கேளுங்கள். குரோமியம் உரிந்த கம்பி கிழித்தது என்றால், கம்பி தேய்மானச் சாமான் அல்லவே!

"அதிகச் சுமை": இது பல சமயம் உண்மையாக இருக்கும். வண்டி எத்தனை கிலோ தாங்கும் என்று கையேட்டில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கணவர் 70 கிலோ. மனைவி 60 கிலோ. அதுவே 130 கிலோ. சமையல் காஸ் சிலிண்டரில் காஸ் மட்டும் 14.2 கிலோ. காலி உருளையின் எடையையும் சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ. தண்ணீர் கேன் ஒன்று 20 கிலோ. இவற்றை எல்லாம் ஒரே வண்டியில் ஏற்றினால் ஷாக் என்ன செய்யும்? ஆனால், சுமை ஏற்றினார் என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. எதைப் பார்த்து அப்படி முடிவு செய்தார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

"வெளியே வேலை பார்த்திருக்கிறீர்கள்": ஷாக்கையே பிரித்திருந்தாலும், வேறு ஷாக் மாட்டியிருந்தாலும், வண்டியை உயர்த்த இரும்புத் துண்டு வைத்திருந்தாலும், அவர்கள் மறுப்பதில் நியாயம் உண்டு. வெளியே பஞ்சர் ஒட்டியதையும் ஹாரன் மாற்றியதையும் காட்டி ஷாக் வாரண்டியை மறுத்தால், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேளுங்கள்.

"சர்வீஸ் தவறிவிட்டது": கையேட்டில் சொன்ன கெடுவில் சர்வீஸ் செய்ய வேண்டும் என்பது வாரண்டியின் நிபந்தனை. அதனால் ஒவ்வொரு சர்வீஸ் பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள்.

"பாகத்தைச் செய்தது வேறு கம்பெனி": டயருக்கும் பாட்டரிக்கும் தனி வாரண்டி இருப்பது வழக்கம். ஷாக்குக்கு அப்படித் தனி வாரண்டி என்று கையேட்டில் சொல்லாவிட்டால், வண்டியை விற்ற கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும்.

அன்றே செய்ய வேண்டியது

முதலில், வண்டியை விடும் முன்பு போட்டோ எடுங்கள். கிலோ மீட்டர் கணக்கு, ஷாக்கின் முழு உருவம், எண்ணெய் வழிந்த இடம், முறிந்த இடம் எல்லாம் தெரிய வேண்டும்.

இரண்டாவது, ஜாப் கார்டில் உங்கள் புகாரை எழுதச் சொல்லுங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். "பின் ஷாக்கில் எண்ணெய் கசிவு, வாரண்டியில் மாற்றித் தரக் கோருகிறார்" என்று எழுதட்டும். ஒரு நகல் வாங்குங்கள்.

மூன்றாவது, மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுப்பார்கள். அதற்கும் வழி உண்டு. அன்று மாலையே நீங்கள் டீலருக்கும் கம்பெனிக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். "இன்று இன்ன நேரத்தில், இன்ன காரணம் சொல்லி வாரண்டியை மறுத்தீர்கள். இது தவறு என்றால் தெரிவிக்கவும்" என்று எழுதுங்கள். அவர்கள் பதில் எழுதினால் அது காகிதம். எழுதாவிட்டால், நீங்கள் எழுதியது காகிதம்!

நான்காவது, உடைந்த பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். வாரண்டியில் மாற்றிக் கொடுத்தால் பழைய பாகம் கம்பெனிக்குப் போவது வழக்கம். ஆனால், நீங்கள் பணம் கொடுத்து மாற்றினால் பழைய பாகம் உங்களுடையது. அதை விட்டுவிட்டு வராதீர்கள்.

வழக்கு முடியும் வரை உடைந்த ஷாக்கோடு ஓட்டலாமா? கூடவே கூடாது! உயிரைப் பணயம் வைத்து ஆதாரத்தைக் காப்பாற்ற வேண்டியது இல்லை. புது ஷாக் மாட்டிக்கொள்ளுங்கள். இரண்டு ஷாக் உள்ள வண்டியில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிதும் ஒன்று பழையதும் ஆனால் சக்கரம் ஒரு பக்கமாக இழுபடும். பில்லில் "எதிர்ப்புத் தெரிவித்துப் பணம் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தொகையைப் பிறகு கேட்டு வாங்க அது உதவும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாரண்டி என்பது கம்பெனி போடும் பிச்சை அல்ல. 1930-ம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டமே, கடைக்காரர் விற்கும் சரக்கு விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. நுகர்வோருக்கு என்று தனிச் சட்டம் 1986-ல் வந்தது. அதற்கு டிசம்பர் 24-ந் தேதி ஜனாதிபதி ஒப்புதல் அளித்தார். அந்த நாளைத்தான் தேசிய நுகர்வோர் தினம் என்று கொண்டாடுகிறார்கள். பிறகு 2019-ல் புதுச் சட்டம் இயற்றினார்கள். 2020 ஜூலையில் அது அமலுக்கு வந்தது.

புதுச் சட்டத்தில் சாதாரண மனிதருக்குப் பல வசதிகள் உண்டு.

பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாவிட்டால் கட்டணமே கிடையாது! மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை இதில் அடங்கிவிடும்.

கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் கவலை இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலோ வேலை பார்க்கும் மாவட்டத்திலோ வழக்குப் போடலாம். வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நீங்களே வாதாடலாம்.

பிரச்னை எழுந்த நாளில் இருந்து 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். டீலர், கம்பெனி இரண்டு பேரையும் எதிர்க்கட்சியாகச் சேர்ப்பது நல்லது. நோட்டீஸ் கிடைத்த 30 நாளில் அவர்கள் பதில் தர வேண்டும். ஆணையம் விரும்பினால் இன்னும் 15 நாள் கொடுக்கலாம். அதற்கு மேல் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்தது.

சாப்பாடு கொண்டு போய்க் கொடுப்பவரைப் பற்றி முதலில் சொன்னோமே, அவரைப் பார்த்து, "வியாபாரத்துக்கு வண்டி ஓட்டுகிறாய், நீ நுகர்வோர் அல்ல" என்று வாதாடக் கூடும். அந்த வாதம் சுலபமாக நிற்காது. தன் பிழைப்புக்காக, தானே தொழில் செய்யப் பொருள் வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது.

பாகம் ஏன் வேண்டும்?

இங்கேதான் உடைந்த ஷாக் சாட்சி சொல்ல வருகிறது.

செய்ததில் குறை இருந்தது என்று வழக்குப் போட்டவர் காட்ட வேண்டும். கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாத குறை என்றால், பொருளைத் தகுந்த பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. 45 நாளில் அறிக்கை கேட்பார்கள். அதற்கு ஆகும் செலவை வழக்குப் போட்டவரை முன்பணமாகக் கட்டச் சொல்லலாம். சோதனை தேவை இல்லாத வழக்கை 3 மாதத்திலும், சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதல் காலம் ஆவது உண்டு.

அனுப்புவதற்குப் பாகமே இல்லை என்றால்? பரிசோதனைக்கூடம் எதைச் சோதிக்கும்? அதனால்தான் பழைய இரும்புக் குவியலில் ஷாக் விழுந்தபோதே வழக்கில் முக்கால் பங்கு போய்விட்டது என்று சொன்னோம்.

ஷாக் உடைந்து ஆளுக்கு அடிபட்டால் அது இன்னும் பெரிய விஷயம். குறை உள்ள பொருளால் உடலுக்கு ஏற்பட்ட தீங்குக்கு நஷ்டஈடு கேட்கப் புதுச் சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது. ஆனால், பொருளைத் தவறாகப் பயன்படுத்தினாலோ, மாற்றி அமைத்தாலோ விற்றவர் மேல் அந்த வழக்குப் போட முடியாது. வண்டியை இஷ்டம் போல் உயர்த்திக் கட்டும் வாலிபர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

அளவாகக் கேளுங்கள்!

"ஷாக் உடைந்தது, ஆகவே புது வண்டி கொடு" என்று கேட்பவர்கள் உண்டு. ஆசை பெரிதாக இருந்தால் வழக்கு பலவீனமாகிவிடும். 2006-ல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னது. குறை உள்ள பாகத்தை மாற்றித் தருவதாகத்தான் வாரண்டி சொல்கிறது என்றால், முழுக் காரையும் மாற்றிக் கொடுக்கும்படி உத்தரவு போட முடியாது என்பதே அது.

ஆகவே நியாயமானதைக் கேளுங்கள். ஷாக்கின் விலை, மாட்டிய கூலி, வண்டி நின்ற நாட்களில் போன வருமானம், மனக்கஷ்டத்துக்கு நஷ்டஈடு, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேட்கலாம். வருமானம் போனதற்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

வழக்குக்கு முன்பு இரண்டு படிகள் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்குப் போன் செய்தால் தமிழிலேயே புகாரைப் பதிவு செய்யலாம். அவர்கள் கம்பெனிக்கு அதை அனுப்பிப் பதில் கேட்பார்கள். பல தகராறுகள் இந்தப் படியிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால், 15 நாள் கெடு வைத்து டீலருக்கும் கம்பெனிக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி எடுத்து வையுங்கள்.

சில ஆயிரம் ரூபாய் ஷாக்குக்கு இத்தனை பாடு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயம்தான். ஆனால், மறுக்கப்பட்ட ஒவ்வொருவரும் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டால், அந்த ரக வண்டியில் ஷாக் உடைகிறது என்ற செய்தியே வெளியே வராது. அதே ஷாக் நாளைக்கு வேறு ஒரு குடும்பத்தைச் சுமந்துகொண்டு மலைப் பாதையில் இறங்கிக்கொண்டு இருக்கும். குறை எழுத்தில் ஏறினால்தான் கம்பெனியின் காதுக்கும் போகும்; அரசாங்கத்தின் காதுக்கும் போகும்.

வண்டி வாங்கிய அன்று கொடுத்த கையேடு வீட்டில் எங்கே இருக்கிறது? தேடி எடுங்கள். வாரண்டிப் பக்கத்தைப் படியுங்கள். சர்வீஸ் பில்களை எல்லாம் ஒரே உறையில் போட்டு வையுங்கள். அப்படியே வெளியே போய், வண்டியின் பின்பக்கத்தைப் பலமாக ஒரு முறை அமுக்கிப் பாருங்கள்.

எத்தனை முறை குதிக்கிறது?